விவாத இழை: "ஜங்கிள் கார்பைன்", 1903ஏ4 நகல்கள் – நேரில் பார்க்கும்போது எதைச் சோதிப்பது?

ஸ்காபரோ_மாறன்

வணக்கம் அண்ணையாக்கள். இங்க கனடாவில ஒரு சேகரிப்பு விற்பனைக்கு வருது. அதில நாலு துவக்குகளில எனக்குக் கண் இருக்குது.

1. "லீ-என்ஃபீல்ட் நம்பர் 5 ஜங்கிள் கார்பைன், .303" எண்டு எழுதியிருக்கினம்.
2. "நம்பர் 7 ஜங்கிள் கார்பைன்", 7.62. மேகசின் நேர்ப்பெட்டி மாதிரி இருக்குது.
3. ஏஐஏ (ஆஸ்திரேலியன் இன்டர்நேஷனல் ஆர்ம்ஸ்) நம்பர் 4 மார்க் 4, அதுவும் 7.62.
4. ஸ்பிரிங்ஃபீல்ட் 1903ஏ4 ஸ்னைப்பர். "ரீப்ரொடக்‌ஷன்" எண்டு விற்கிறவரே சொல்லுறார்.

நகல் எண்டு தெரிஞ்சு வாங்கிறதில எனக்குப் பிரச்சினை இல்லை. சேர்த்து வைக்கவும் வேணும், இடைக்கிடை சுடவும் வேணும். ஒவ்வொண்டுக்கும் நேரம் குறைவாத்தான் கிடைக்கும். எதை முதல்ல பார்க்கிறது? முதலாவதின்ட படத்தைக் கீழ இணைச்சிருக்கிறன்.

எஃகுவிரல்

மாறன், முதலாவதின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின் சைட் (குறிபார்க்கும் பாகம்) ஏணியில் கடைசி எண் 1300 என்று தெரிகிறது. அது நம்பர் 4-இன் சைட், அதாவது நம்பர் 5-க்கு மூலமான நீள லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் சைட். நம்பர் 5-க்கு 200 முதல் 800 கெஜம் வரைதான் உண்டு. சைட் ஒன்று மட்டும் மாறியிருந்தால் பட்டறையில் எப்போதோ மாற்றினார்கள் என்று விடலாம். ஆனால் அதுவே முதல் எச்சரிக்கை. இனி மற்றதையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

"நகல்" என்று சந்தையில் ஓடுவதில் நாலு ரகம் கலந்து கிடக்கிறது. ரிசீவர் (குழலும் போல்ட்டும் சேரும் எஃகு உடல்) முதல் கட்டை வரை எல்லாமே புதிதாகச் செய்தது ஒன்று. ஏஐஏ அந்த வகை. அசல் ராணுவ ரிசீவரில் புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டுக் கட்டியது இன்னொன்று. உங்கள் 1903ஏ4 அநேகமாக இதுதான். மூன்றாவது, அசல் நீள ரைஃபிளை வெட்டிக் குட்டையாக்கி வேறொரு மாடல் போலக் காட்டுவது. உங்கள் இரண்டாவது இங்கே வரும், முதலாவதும் வரலாம். நாலாவது, முத்திரையையே பொய்யாக அடித்தது. முதல் மூன்றுக்கும் நியாயமான விலை என்று ஒன்று உண்டு. நாலாவதுக்கு உதிரிபாக விலைக்கு மேல் ஒரு டாலர் கொடுக்காதீர்கள்.

நம்பர் 5-ஐ உறுதிசெய்ய ஒரே நம்பகமான வழி உலோகத்தில் எடை குறைக்கக் கடைந்த வெட்டுகள். 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் ஃபாசகர்லி ஆலையிலும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் ஷெர்லி ஆலையிலும் மட்டும் செய்தார்கள். எடையைக் குறைக்க மூன்று இடத்தில் எஃகை எடுத்திருக்கிறார்கள்:

– குழல் ரிசீவரில் சேரும் தடித்த பகுதியில், ஹேண்ட்கார்டுக்கு (குழலை மேலே மூடும் மரம்) அடியில், பள்ளம் பள்ளமாகக் கடைந்திருக்கும்.
– ரிசீவரின் பக்கச் சுவர்களில் இழைத்த வெட்டு. பக்கத்தில் ஒரு நம்பர் 4-ஐ வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.
– போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை) கைப்பிடியின் குமிழ் உள்ளே குடைந்திருக்கும்.

குமிழை யாரும் துளைபோட்டு விடலாம், போல்ட்டையே மாற்றலாம். ரிசீவர் வெட்டைப் போலி செய்ய மில்லிங் மெஷினும் பொறுமையும் வேண்டும், அதனால் அபூர்வம். ஹேண்ட்கார்டுக்கு அடியில் இருக்கும் பள்ளங்களை யாரும் போலி செய்ய மெனக்கெடுவதில்லை, வெளியே தெரியாதே. ஆகவே அதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளம் இல்லையென்றால் அது வெட்டிய நம்பர் 4. பேச்சு முடிந்தது.

பின்னூசி

எஃகுவிரல் சொன்னதோடு, குழல் முனையில் சுடரை மறைக்கும் புனலான ஃப்ளாஷ் ஹைடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அசலில் அந்தப் புனல், முன் சைட் தாங்கி, பயனெட் மாட்டும் காது மூன்றும் ஒரே துண்டு. குழலில் குறுக்கே இரண்டு ஆணி அடித்து நிறுத்தியிருப்பார்கள். நகலில் அடியில் சிறு அலன் திருகு இருக்கும், அல்லது பிசின் வைத்துச் செருகியிருப்பார்கள். வார்ப்பில் செய்ததென்றால் காதுக்கு அடியில் அச்சுக்கோடு ஓடும், விரலால் தடவினாலே சிக்கும்.

இதில் தோற்றத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம்பர் 4 குழலை வெட்டியவர் முனையைச் சரியாக வட்டமாக்காமல் விட்டிருந்தால் ரவை கோணலாகப் புறப்படும். புனல் மையம் விலகியிருந்தால் ரவை அதன் உதட்டில் உரசவும் செய்யும். டார்ச்சை முன்னாலிருந்து அடித்துப் புனலின் உட்சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈயப் பூச்சோ செம்புக் கீறலோ இருந்தால் வாங்காதீர்கள். அதைச் சரிசெய்ய ஹைடரைக் கழற்றி, முனையை மறுபடி கடைந்து, திரும்ப மையம் பார்த்து மாட்ட வேண்டும். கூலியே துப்பாக்கி விலையில் பாதி வரும்.

காங்கேயன்

குறுக்கே ஒரு கேள்வி. நம்பர் 5-ஐயே ராணுவம் "குறி நிலைக்கவில்லை" என்று சொல்லித்தானே நிறுத்தியது? அப்படியென்றால் நகல் சரியாகச் சுடாவிட்டால் அது நகலின் குற்றமா, மாடலின் குற்றமா?

எஃகுவிரல்

நல்ல கேள்வி. "குறி அலைகிறது" என்ற காரணம் 1947-ல் சொன்னது உண்மை. அந்த வெட்டுகளால் ரிசீவர் வளைகிறது என்று ஒரு சாராரும், கையிலிருந்த .303 ரைஃபிள்களை விட்டுத் தானியங்கி ரைஃபிளுக்குப் போவதற்கான சாக்கு என்று இன்னொரு சாராரும் இன்றுவரை வாதாடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் அசல் நம்பர் 5 நூறு கெஜத்தில் ஒழுங்காகத்தான் சுடுகிறது என்பது என் கருத்து. வெட்டிய நம்பர் 4-இல் எடைகுறைப்பு வெட்டே கிடையாது. அது குறியை அலைக்கழித்தால் காரணம் வேறு: முனை, கட்டை, அல்லது தளர்ந்த பேண்ட் (கட்டையைக் குழலோடு கட்டும் உலோக வளையம்).

தேக்குக்கட்டை

கட்டை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். லீ-என்ஃபீல்டில் துப்பாக்கியின் பின்னுதைப்பை வாங்குவது ஃபோர்எண்டின் (குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை) பின்கோடியில், ட்ரிகருக்கு மேலே இருக்கும் இரண்டு சின்ன முகங்கள். அவை இரண்டும் எஃகோடு ஒரே அளவில் பொருந்தி உட்கார வேண்டும். நகல்களில் வரும் புதுக்கட்டை இங்கேதான் தோற்கிறது. ஏனென்றால் அதை எந்திரத்தில் பொதுவான அளவுக்கு வெட்டி அனுப்புகிறார்கள், ஒவ்வொரு ரிசீவருக்கும் தனித்தனியாகக் கையால் பொருத்துவதில்லை. ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் இருபது முப்பது ரவையில் பின்கோடி பிளக்கும். மரம் சரியாகக் காயாமல் இருந்தால் ஆறு மாதத்தில் சுருங்கி இரண்டு பக்கமும் இடைவெளி விடும், அப்போதும் பிளக்கும்.

பார்ப்பது எப்படி: துப்பாக்கி காலி என்று உறுதிசெய்த பின் ஃபோர்எண்டை ஒரு கையில், பட் எனும் பின்கட்டையை ஒரு கையில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். மயிரிழை அசைந்தாலும் உள்ளே இருக்கை சரியில்லை. பிறகு ஃபோர்எண்ட் பட்டோடு சந்திக்கும் இடத்தில் டார்ச் அடித்து மேல்நோக்கி ஓடும் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

நம்பர் 4 மாடலில் ஃபோர்எண்டின் முனை குழலைக் கீழிருந்து மேலே லேசாக, சுமார் 4-5 பவுண்டு விசையில், தாங்க வேண்டும். விரலால் குழலைத் தூக்கினால் கொஞ்சம் எதிர்ப்புக்குப் பின் கட்டையிலிருந்து பிரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் குழல் லொடலொடவென ஆடினால் குறி மேலும் கீழும் சிதறும்.

இன்னொன்று. இது முக்கியம், மறக்காதீர்கள். மாறனின் இரண்டாவது துப்பாக்கி இந்தியாவில் செய்த இஷாப்பூர் 2ஏ வம்சம். அதாவது எஸ்எம்எல்இ எனும், நம்பர் 4-க்கு முந்தைய பழைய லீ-என்ஃபீல்ட் அமைப்பு. இதில் பட் கட்டையைப் பிடிக்கும் நீள மரையாணியின் முனை சதுரமாக இருந்து, ஃபோர்எண்டுக்குள் இருக்கும் தகட்டில் மாட்டியிருக்கும். ஃபோர்எண்டைக் கழற்றாமல் பின்னாலிருந்து ஸ்க்ரூட்ரைவரை விட்டுத் திருகினால் அந்தச் சதுரம் ஃபோர்எண்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். முதலில் ஃபோர்எண்ட், பிறகுதான் பட். நம்பர் 4-இல் இந்த வம்பு இல்லை.

ஸ்காபரோ_மாறன்

இதைத் தெரியாமல் போயிருந்தா நானே உடைச்சிருப்பன் தேக்குக்கட்டை அண்ணை, நன்றி. அந்த இரண்டாவதைப் பற்றி ஆரும் சொல்லுங்கோ. நம்பர் 7 எண்டு உண்மையில ஒரு ராணுவக் கார்பைன் இருந்ததோ?

எஃகுவிரல்

அந்தப் பெயரில் ராணுவக் கார்பைன் எதுவும் கிடையாது. ரைஃபிள் நம்பர் 7 மார்க் 1 என்று உண்மையில் இருந்தது .22 பயிற்சி ரைஃபிள். பிரிட்டிஷ் விமானப்படைக்காக பிஎஸ்ஏ 1948-ல் 2,500 செய்தது. நீங்கள் பார்ப்பது அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த கிப்ஸ் ரைஃபிள் நிறுவனம், இந்தியாவிலிருந்து வந்த இஷாப்பூர் ரைஃபிள்களைக் குட்டையாக்கி, புனல் மாட்டி விற்றது. பெயர் அவர்கள் வைத்த வியாபாரப் பெயர். ஆகவே "அரிய நம்பர் 7" என்று யாராவது விலை ஏற்றினால் காது கொடுக்காதீர்கள்.

ஆனால் அடிப்படை நல்லது. இஷாப்பூர் 2ஏ, 2ஏ1 இரண்டும் பழைய .303-ஐத் துளை மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1960களில் 7.62-க்கென்றே மேம்பட்ட எஃகில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலை புதிதாகச் செய்தவை. மேகசின் 12 தோட்டா, முன்பக்கம் கூர்மூலையோடு பெட்டி போல இருப்பது அதனால்தான். வெட்டாத ரைஃபிளில் 2ஏ-வின் பின் சைட் 2000 வரை, 2ஏ1-இன் சைட் 800 வரை. இரண்டையும் பிரித்தறிய அதுவே போதும். பிடிப்பகுதியில் ஆர்எஃப்ஐ (இஷாப்பூர் ரைஃபிள் ஆலை) முத்திரையும் ஆண்டும் இருக்கும்.

பல இஷாப்பூர்களில் ஃபோர்எண்டில் குறுக்கே ஒரு திருகு தெரியும். கட்டை பிளக்காமல் இருக்க ஆலையிலேயே போட்டது. பழுது பார்த்த அடையாளம் என்று நினைத்து விலை பேசி ஏமாறாதீர்கள், விற்பவர் சிரிப்பார். இன்னொரு பக்கம், இவற்றின் எஃகின் மேல் இருக்கும் கறுப்புச் சூளைப் பெயின்ட் துருக்குழிகளை அழகாக மூடிவிடும். பேண்ட் இருக்கும் இடத்தையும் கட்டைக்கு அடியில் இருக்கும் எஃகையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

பின்னூசி

ஹெட்ஸ்பேஸ் பற்றி, அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள அளவு. கேஜ் (அளவுக்கருவி) இல்லாமல் போகாதீர்கள். வாடகைக்காவது எடுங்கள்.

.303-க்கு கேஜ் தோட்டாவின் விளிம்பைத்தான் அளக்கிறது. ராணுவ அளவு: 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074-இல் மூடக்கூடாது. வணிக நோ-கோ (மூடக்கூடாத) கேஜ் 0.067. அதில் மூடினால் உடனே குப்பை என்று அர்த்தமில்லை, 0.074-இல் மூடாதவரை ராணுவ எல்லைக்குள் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வெற்றுக் கேஸை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிவிட்டு, விரல் நுனி விசையில் மட்டும் மூடிப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தினால் கேஜ் பொய் சொல்லும், கேஜும் கெடும்.

நம்பர் 4, நம்பர் 5 போல்ட் தலைகளில் 0, 1, 2, 3 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட நீளம் கூடும், அப்படித்தான் இடைவெளியைச் சரிசெய்வார்கள். தலையில் 3 இருந்து, கேஜ் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு இனி நகர இடமில்லை. 0 அல்லது 1 இருந்தால் நிம்மதி. எஸ்எம்எல்இ வகையில், அதாவது இஷாப்பூரில், இந்த எண்கள் கிடையாது, தலைகளை அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

7.62-இல் பலர் குழம்புவார்கள். .308 (7.62-இன் வணிக வடிவம்) கேஜ்கள் கோ 1.630, நோ-கோ 1.634, ஃபீல்ட் (கடைசி எல்லை) 1.638 அங்குலம். நேட்டோ ராணுவத்தின் ஃபீல்ட் எல்லை 1.6455. ஆகவே ஒரு 2ஏ1 வணிக நோ-கோவில் மூடிக்கொண்டாலும் ராணுவக் கணக்கில் தேறியிருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) வணிக .308 பித்தளைக் கேஸைத் திரும்பத் திரும்ப மருந்து நிரப்பி ரீலோட் செய்தால் கேஸ் அடிக்கு மேலே இழுபட்டு இரண்டாகப் பிரியும். லீ-என்ஃபீல்டின் பூட்டுக் காதுகள் பின்னால் இருப்பதால் சுடும்போது போல்ட்டும் ரிசீவரும் கொஞ்சம் நீளும், அந்த இழுபாடும் கேஸ் மேல்தான் விழும். சுட்ட கேஸின் உள்ளே வளைத்த கம்பியை விட்டு, அடியிலிருந்து சுமார் கால் அங்குலத்துக்கு மேல் பள்ளம் தட்டுகிறதா பாருங்கள். தட்டினால் அந்தக் கேஸ் முடிந்தது.

தென்முனை

ஆஸ்திரேலியாவிலிருந்து. ஏஐஏ பற்றி நான் சொல்லலாம். ஆஸ்திரேலியன் இன்டர்நேஷனல் ஆர்ம்ஸ், நம்பர் 4 மார்க் 2-இன் அமைப்பை எடுத்து 7.62×51-க்கு மாற்றிச் செய்தது இது. பாகங்களை வெளியே செய்யக் கொடுத்து இங்கே கோத்து முடித்தார்கள். ரிசீவரைத் துளைக்காமலே ஸ்கோப் மாட்டலாம். கட்டை தேக்கு. 7.62×39-இல் எம்10-ஏ1 என்று கார்பைன் தோற்றத்திலும் ஒன்று விட்டார்கள், அதற்கு ஏகே மேகசின்.

வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேகசின் எத்தனை கூட வருகிறது? நம்பர் 4 மார்க் 4-க்கு மாற்றியமைத்த, அமெரிக்க எம்14 ரைஃபிளின் மேகசின். அதை இறக்குமதி செய்வதே இங்கே சுங்கத்தில் அவ்வப்போது தடைப்பட்டது. மேகசின் இல்லாத ஏஐஏ ஒற்றைத்தோட்டா ரைஃபிள்தான். குறைந்தது இரண்டு இருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள். இரண்டையும் மாட்டி, டம்மி தோட்டாக்களை வேகமாகவும் மெதுவாகவும் ஏற்றிப் பாருங்கள். மேகசின் உதடு சற்று விரிந்திருந்தால் தோட்டாவின் மூக்கு சேம்பரின் மேல்விளிம்பில் முட்டும்.

எஃகுவிரல்

ஏஐஏ-வில் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து. சுடுவதற்கு நல்லது, சேகரிப்புக்கு மதிப்பு குறைவு. ராணுவ வரலாறே இல்லையே.

தென்முனை

ஒப்புக்கொள்ள மாட்டேன். லீ-என்ஃபீல்ட் வம்சத்தில் ஒரு நிறுவனம் புத்தாயிரத்துக்குப் பிறகு வணிகத்துக்காகப் புதிதாகச் செய்தது என்பதே ஒரு வரலாறு. எண்ணிக்கையும் குறைவு, திரும்பச் செய்யப் போவதுமில்லை. வெட்டிய நம்பர் 4 பத்தை வைத்திருப்பதை விட, பெட்டியும் கையேடும் மேகசின்களும் சேர்ந்த ஒரு ஏஐஏ வைத்திருப்பது சேகரிப்பு. பொய்யாக எதுவும் நடிக்காத துப்பாக்கி அது.

பின்னூசி

இதில் தென்முனை பக்கம். அது என்னவென்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

கூர்நோக்கி

அமெரிக்க ஸ்னைப்பரான 1903ஏ4-க்கு வருகிறேன், அது என் பகுதி.

அசல் ஏ4 ரெமிங்டன் மட்டும் செய்தது. ரிசீவரில் "ஏ4" என்றே எழுதியிருக்காது, "03-ஏ3" என்றுதான் இருக்கும். மாடல் பெயரையும் சீரியலையும் இரண்டு பக்கத்துக்கும் ஒதுக்கி அடித்திருப்பார்கள், நடுவில் ஸ்கோப் தாங்கி உட்கார இடம் வேண்டுமே. ஸ்னைப்பர் அல்லாத சாதாரண 1903ஏ3-இன் ரிசீவரில் துளைபோட்டுக் கட்டிய நகலில் எழுத்து நடுவில் இருக்கும், தாங்கி அதன் மேலேயே ஏறி மறைத்துவிடும். இது ஒரு பார்வையில் தெரியும். சீரியல் வரிசையும் உறுதி: 3407088 முதல் 3427087 வரை, 4992001-இல் தொடங்கும் இன்னொரு வரிசை, இசட் எழுத்தோடு 4000000 முதல் 4002920 வரை. இதற்கு வெளியே இருந்தால் அசல் ஏ4 இல்லை.

மாறன் பார்ப்பதை நகல் என்று சொல்லியே விற்கிறார்கள், நல்லது. நகலுக்குள் தரம் பார்க்க வேண்டிய இடம் ரிசீவர் எங்கிருந்து வந்தது என்பதே. அமெரிக்காவில் அணிவகுப்புக்காக ஏராளமான 03-ஏ3-களைச் செயலிழக்கச் செய்தார்கள். குழலையும் ரிசீவரையும் சேர்த்து வெல்ட், இடப்பக்கம் மேகசினை நிறுத்திவைக்கும் கட்-ஆஃப் நெம்பின் அச்சில் ஒரு வெல்ட். பிற்பாடு சிலர் அந்த வெல்டை அரைத்தெடுத்து, புதுக்குழல் போட்டு விற்கிறார்கள். வெல்ட் சூடு எஃகின் பதத்தை எங்கே எவ்வளவு கெடுத்தது என்பது வெளியே தெரியாது. கட்-ஆஃப் இருக்கும் இடத்தில் மேற்பரப்பின் நிறம் மாறியிருக்கிறதா, கட்-ஆஃப் தடங்கலில்லாமல் திரும்புகிறதா, குழல் சேரும் வளையத்தின் அடியில் அரம் போட்ட தட்டைப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ராக்வெல் கடினச் சோதனை இல்லாமல் சுடாதீர்கள்.

1960களில் கலிஃபோர்னியாவில் நேஷனல் ஆர்ட்னன்ஸ் வார்ப்பு ரிசீவரில் 1903ஏ3 செய்தது. அதையும் சிலர் இப்போது ஏ4 தோற்றத்துக்கு மாற்றுகிறார்கள். ரிசீவர் பெயரை முதலில் படியுங்கள். அந்தப் பெயர் இருந்தால் நான் அலமாரிக்கு வாங்குவேன், சுட மாட்டேன். 1903 மாடலின் பழைய ரிசீவரில் கட்டிய நகல் வந்தால் எண்ணைப் பாருங்கள்: ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000-க்குக் கீழ், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழ் என்றால் பழைய பதமிடல். எஃகு நொறுங்கும் தன்மை, சுடவே கூடாது.

ஸ்கோப்: அசலில் வீவர் 330சி, ராணுவப் பெயரில் எம்73பி1, முக்கால் அங்குலக் குழாய், தாங்கி ரெட்ஃபீல்ட் ஜூனியர். இன்றைய நகல் ஸ்கோப்கள் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கின்றன. முன் தாங்கி வளையத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பித்தான் பூட்டுவது. அதை அடிக்கடி கழற்றி மாட்டினால் தேய்ந்து பக்கவாட்டில் ஆடும். ஸ்கோப்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். முன் சைட் இருக்கக்கூடாது, ஏ4-க்கு அது கிடையாது. ஸ்கோப் மேலே மறைப்பதால் கிளிப்பில் ஏற்ற முடியாது, ஒவ்வொரு தோட்டாவாகத்தான்.

காங்கேயன்

லீ-என்ஃபீல்ட் வம்சத்து நம்பர் 4 டி ஸ்னைப்பருக்கும் இதே கதைதானா?

கூர்நோக்கி

அதில் போலி இன்னும் அதிகம், விலை அப்படி. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ஸ்னைப்பராக மாற்றியதென்றால் பட்டின் அடியில் எஸ்51, பிடிச் சாக்கெட்டின் இடப்பக்கம் டிஆர், ரிசீவர் இடச்சுவரில் டி, கட்டையின் மணிக்கட்டு மேல் ஸ்கோப்பின் எண், தாங்கியில் ரைஃபிளின் எண். ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். எழுத்தின் பள்ளத்துக்குள் பழைய பூச்சு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூச்சுக்கு மேல் அடித்த எழுத்தின் ஓரம் மேடாகிப் பளபளக்கும்.

காங்கேயன்

நன்றி. இங்கே இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன்: .303-உம் 7.62-உம் தடை செய்யப்பட்ட குழல்துளை அளவுகள், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. லீ-என்ஃபீல்ட் அமைப்பு கையில் வேண்டுமென்றால் இஷாப்பூரின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் ஒரு வழி. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமத்தில் இரண்டு துப்பாக்கிதான் வைக்கலாம், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்காபரோ_மாறன்

எல்லாத்தையும் எழுதி வைச்சிட்டன். முதலாவதின்ட ஹேண்ட்கார்டைக் கழட்ட விற்கிறவர் விடுவாரோ தெரியேல்ல. முழுக்கட்டையையும் கழட்ட வேணுமோ?

எஃகுவிரல்

வேண்டாம். பேண்ட் திருகைத் தளர்த்தி, பேண்டை முன்னால் நகர்த்தி, ஹேண்ட்கார்டை மட்டும் மேலே தூக்குங்கள். ஃபோர்எண்ட் அப்படியே இருக்கும். திருகுக்குப் பொருத்தமான அகல முனை ஸ்க்ரூட்ரைவரை நீங்களே கொண்டுபோங்கள், தலை சிதைந்தால் அவர் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் விடாவிட்டால் வெட்டிய நம்பர் 4-இன் விலையைச் சொல்லுங்கள், ஏற்காவிட்டால் அதை விட்டுவிட்டு மேகசின் இரண்டோடு அந்த ஏஐஏ இருக்கிறதா என்று பாருங்கள்.